நெல்லைக்கு டிராம் சரிப்படுமா? எடின்பரோ நீட்டிப்பை முன்வைத்து ஒரு விவாதம்

லீத் நெல்லையன்

பிறந்து வளர்ந்தது பாளை. இப்போது இருப்பது எடின்பரோவில், துறைமுகத்தை ஒட்டிய லீத் பகுதியில். இங்கே டிராமை நீட்டுவதா வேண்டாமா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. வடக்கே கிரான்டன், தெற்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பயோகுவார்ட்டர், இரண்டையும் சேர்த்துப் புதுப் பாதை போட மாநகராட்சிக்கு ஆசை. 2025 ஆகஸ்டில் மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். அதிகச் சத்தம் வடக்குப் பக்கத்தில்தான். அங்கே ரோஸ்பர்ன் பாதை என்று ஒன்று இருக்கிறது. முன்பு ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை எடுத்த பிறகு இரண்டு பக்கமும் மரம் அடர்ந்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரிய வழியாகிவிட்டது. டிராம் அதன் வழியே போனால் சாலை நெரிசலில் சிக்காது, ஆனால் மரங்கள் போகும். வேண்டாம், ஆர்ச்சர்ட் பிரே வழியாகச் சாலையிலேயே போகட்டும் என்றால் பஸ், கார் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம்ம ஊர் வரைபடம்தான் கண்முன் வருகிறது. பேட்டை, டவுன், ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்ட், சமாதானபுரம், கேடிசி நகர். எல்லாம் ஒரே கோட்டில். மெட்ரோ நமக்குக் கிடைக்காது. 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று மதுரை, கோவை அறிக்கைகளையே 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. நம் மாநகராட்சி 2011 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் டிராம் ஏன் கூடாது? அடித்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பேட்டை ரவுண்டானா

முதலில் பேட்டை பஸ் நேரத்துக்கு வரட்டும் தம்பி. அப்புறம் டிராம் பேசலாம்.

ரதவீதி வாசி

டவுனுக்குள் எப்படி டிராம் வரும் என்று யாராவது சொல்லுங்கள். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு நான்கு ரத வீதியிலும் குறுக்கே போகிற மின்கம்பியை அவிழ்த்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்புக் கம்பிக்கே இந்தப் பாடு. டிராமுக்கு மேலே நிரந்தரமாக ஒரு கம்பி ஓட வேண்டும். தேர் கம்பிக்கு அடியில் நுழையுமா?

தரையிலும் சிக்கல் இருக்கிறது. தேர்ச் சக்கரம் திரும்புகிற முக்கில், சக்கரத்துக்கு அடியில் தடி போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரோட்டில் ஒரு சின்ன மேடு பள்ளம் இருந்தாலே அவர்களுக்குப் பிராணன் போய்விடும். தெற்கு ரத வீதியில் தண்டவாளம் பதித்துவிட்டு அதன்மேல் சுவாமி தேரை இழு என்றால் யார் இழுப்பார்கள்? வருஷத்தில் ஒரு நாள்தானே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். டவுன்காரனிடம் சொல்லிப் பாருங்கள்.

லீத் நெல்லையன்

கம்பிக்கு வழி இருக்கிறது அண்ணாச்சி. பிரான்சில் போர்தோ நகரில் 2003இலேயே பழைய ஊர்ப் பகுதியில் மேல்கம்பி இல்லாமல் தரையிலிருந்து மின்சாரம் எடுக்க வைத்தார்கள். டிராம் மேலே நிற்கும்போது மட்டும் அந்தத் துண்டில் மின்சாரம் வரும். நீஸ் நகரத்தில் பெரிய சதுக்கத்தைக் கடக்கும்போது கம்பியை விட்டுவிட்டு பேட்டரியில் ஓட்டினார்கள். 2007இல் தொடங்கியது அது.

தேர்ச் சக்கரம் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ரத வீதிக்குள் நுழையாமல், டவுன் வாசலில் இருக்கிற ஆர்ச்சோடு நிறுத்திவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

ரதவீதி வாசி

ஆர்ச்சில் இறக்கிவிட்டால் அங்கிருந்து வாகையடி முக்குக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். பத்து ரூபாய், பத்து நிமிஷம். ஜங்ஷனிலேயே ஷேர் ஆட்டோ ஏறினால் நேராகவே வந்துவிடலாமே.

பேட்டை ரவுண்டானா

முந்தின பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இப்போது விரிவாக.

எடின்பரோ டிராமை முன்மாதிரி என்று சொல்கிறவர்கள் அதன் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 2008இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 2011இல் ஓடும் என்றார்கள். ஓடியது 2014 மே 31. ஒதுக்கிய பணம் 54.5 கோடி பவுண்ட், முடிந்தபோது 77.6 கோடி பவுண்ட். அதுவும் சொன்ன தூரம் முழுக்கப் போட்டுவிட்டு அல்ல. லீத் வரை வர வேண்டிய பாதை யார்க் பிளேஸோடு நின்றுபோனது. பூமிக்கடியில் கிடந்த குழாய், கேபிள் எல்லாம் வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லை, ஒப்பந்தக்காரரோடு தகராறு, வேலை நின்றது. ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்க ஒரு நீதிபதியை வைத்தார்கள். அந்த அறிக்கை வெளிவந்தது 2023 செப்டம்பரில். விசாரணைக்கே ஒன்பது வருஷம்!

பணக்கார நாட்டு நகரத்துக்கே இந்தக் கதி. நம் ஊரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டை மூடுவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகிற எஸ்.என். ஹைரோட்டுக்கு அடியில் என்னென்ன போகிறது என்று முழு வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் அந்த ஆளை எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.

லீத் நெல்லையன்

எல்லாம் சரியான தகவல். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். விட்டுப்போன அந்த லீத் துண்டைத்தான் பிறகு நியூஹேவன் வரை போட்டார்கள். 4.7 கிலோமீட்டர், எட்டு நிறுத்தம், 20.7 கோடி பவுண்ட். 2023 ஜூன் 7இல் சொன்ன செலவுக்குள் திறந்தார்கள். முதல் தடவை பட்ட அடியில், இரண்டாம் தடவை தெருவைத் துண்டு துண்டாகத் திறக்காமல் ஒரேயடியாக மூடி, அடியில் இருப்பதையெல்லாம் பார்த்த பிறகே மேலே வேலை பார்த்தார்கள். ஒரு தேவாலயத்தை ஒட்டித் தோண்டியபோது பழைய கல்லறைகள் வந்தன. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளைத் தொல்லியல்காரர்கள் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். லீத் வாக் என்கிற அந்தத் தெருவின் கடைக்காரர்கள் பட்ட பாடு தனி. கொரோனாவும் தோண்டலும் சேர்ந்து வந்தது. எங்கள் தெருமுனையில் சில கடைகள் மூடியேவிட்டன. இன்று அதே தெருவில் டிராம் நிறைந்து போகிறது. 2024இல் மொத்தம் சுமார் 1.2 கோடிப் பேர் ஏறியிருக்கிறார்கள்.

ஹைகிரவுண்ட் அக்கா

ஆண்கள் எல்லாரும் கம்பியையும் குழாயையும் பற்றியே பேசுகிறீர்கள். டிக்கெட் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வடக்கு ரத வீதி ஜவுளிக்கடைகளில் நிற்கிற பெண்கள், வீட்டு வேலைக்கு மகாராஜ நகர், பெருமாள்புரம் வருகிற அக்காமார்கள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், எல்லாரும் அந்த பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். டிராம் வந்தால் அதில் இலவசம் உண்டா? இல்லை, டிராம் போகிற வழியில் பஸ் எதற்கு என்று பஸ்ஸைக் குறைத்துவிடுவார்களா? எனக்குப் பயம் இரண்டாவதில்தான். பளபளப்பான வண்டி ஒன்று வந்தால், அதற்குக் கூட்டம் காட்டுவதற்காக ஏழைகள் ஏறுகிற வண்டியை நிறுத்துவார்கள்.

இன்னொன்று. கடை அடைத்து அந்தப் பெண்கள் வெளியே வரும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். அந்நேரத்துக்கு பஸ் எத்தனை ஓடுகிறது? அவர்களிடம் போய் டிராம் வேண்டுமா என்று கேட்டால், பத்து மணிக்கு ஒரு பஸ் விடுங்கள் போதும் என்பார்கள்.

லீத் நெல்லையன்

அக்கா, உங்கள் பயம் நியாயம். நீங்கள் முதலில் கேட்ட இலவசச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி முதல் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பஸ் இலவசம். எடின்பரோ டிராமில் அந்த அட்டை செல்லாது. அதனால் மாணவர்கள் டிராமை விட்டுவிட்டு அதே வழியில் போகிற பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயமும் உண்டு. டிராமும் சரி, லோதியன் பஸ்ஸும் சரி, பொதுச் சொத்து. பஸ் கம்பெனியில் பெரும்பங்கு எடின்பரோ மாநகராட்சிக்கு, டிராம் முழுக்க மாநகராட்சிக்கு. அதனால் ஊருக்குள் இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே. ஒன்றை ஒன்று தின்னாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பாசஞ்சர் பிரியன்

தம்பி கடைசியில் சொன்னதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. அதை விட்டுவிட்டு எல்லாரும் தேரைச் சுற்றி வருகிறீர்கள்.

நம் ஊரில் பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு. மினி பஸ் தனியாருக்கு. ரோடு சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறைக்கு, சில இடத்தில் மாநகராட்சிக்கு. சிக்னல் போலீஸ் கையில். ரயில் டெல்லிக்கு. இதில் டிராம் என்று ஒன்றைப் போட்டால் அது யாருடையது? ஜங்ஷனில் டிராமுக்குப் பச்சை விளக்கு முதலில் விழ வேண்டும் என்று யார் யாருக்கு உத்தரவு போடுவது? சென்னைக்கு இதற்காகவே கும்டா என்ற ஆணையத்தை 2010இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். அது கால் ஊன்றி நிற்கவே எவ்வளவு காலம் ஆனது என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. நம் ஊருக்கு டிராம் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ரயில் பாதை. ஜங்ஷனிலிருந்து நாலு திசைக்கும் தண்டவாளம் போகிறது. தென்காசி வழியில் டவுன், பேட்டை. திருச்செந்தூர் வழியில் பாளையங்கோட்டை. நாகர்கோவில் வழியில் மேலப்பாளையம். மதுரை வழியில் தாழையூத்து. ஊருக்குள்ளும் ஓரத்திலுமாக இத்தனை ஸ்டேஷன் இருந்தும், ஊர்க்காரன் ஒருத்தனாவது டவுனிலிருந்து பாளைக்கு ரயிலில் போனதாகக் கேள்விப்பட்டதுண்டா? தென்காசி தடம் 2012இல் அகலப்பாதை ஆகிவிட்டது. திருச்செந்தூர் தடம் அதற்கும் முன்னால். இரண்டுக்கும் மின்சாரமும் வந்தாயிற்று. பாசஞ்சர் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய். எட்டுப் பெட்டி மெமு (குறுந்தூர மின்சார ரயில்) ஒன்றைப் பேட்டைக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே காலையும் மாலையும் ஓட்டினால் தோண்டவும் வேண்டாம், தேரையும் தொட வேண்டாம்.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்று ஒரு ஊர். 1992இலிருந்து ஊருக்குள் டிராமாகப் போகிற அதே வண்டி ஊரைத் தாண்டியதும் ரயில் தண்டவாளத்தில் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறது. ஊருக்குள் 750 வோல்ட், ரயில் பாதையில் 15,000 வோல்ட், இரண்டிலும் ஓடுகிற மாதிரி வண்டி. நம்மிடம் ரயில் 25,000 வோல்ட், அகலம் 1,676 மில்லிமீட்டர். அந்த மாதிரி வண்டியை நமக்கென்று புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் கேட்கவில்லை. இருக்கிற வண்டியை இருக்கிற தடத்தில் ஓட்டு என்கிறேன், அவ்வளவுதான்.

தச்சை மாணவன்

அண்ணாச்சி, இரண்டும் ஒற்றைத் தடம். ஒரு வண்டி ஒரு பகுதிக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை எதிரே இன்னொன்றை விட முடியாது. திருச்செந்தூர் வண்டி, செங்கோட்டை வண்டி, சரக்கு, எல்லாம் போக மிச்சம் இருக்கிற நேரத்தில் உங்கள் மெமு ஓட வேண்டும். அரை மணிக்கு ஒன்று கிடைக்குமா? அரை மணிக்கு ஒன்று இல்லையென்றால் ஊருக்குள் அதற்காக யார் காத்திருப்பார்கள்? ஷேர் ஆட்டோ இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது.

பாளையங்கோட்டை ஸ்டேஷன் எங்கே, பாளை பஸ் ஸ்டாண்ட் எங்கே? கல்லூரிகள் எங்கே? சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர் மாணவர்களை அந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் திரும்ப ஒரு ஆட்டோ.

பாசஞ்சர் பிரியன்

காலை ஏழரை முதல் ஒன்பதரை, மாலை நாலரை முதல் ஏழு. அந்த நேரத்தில் மட்டும் கேட்கிறேன் தம்பி, நாள் முழுக்க இல்லை. இடையில் கிராசிங் போடக்கூடிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அரை மணி கிடைக்காது, நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு ஒரு மினி பஸ்ஸை ரயில் நேரத்துக்குப் பொருத்தி ஓட்டலாம்.

மேலப்பாளையத்தான்

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். டிராம்காரரும் டவுன்–பாளை கோடு போடுகிறார். ரயில்காரரும் பேட்டை–பாளை கோடு போடுகிறார். 1994இல் மாநகராட்சி ஆக்கும்போது நெல்லை, பாளை, மேலப்பாளையம் மூன்று நகராட்சியையும் தச்சநல்லூரையும் சேர்த்துத்தானே ஆக்கினார்கள்? வரி மட்டும் எங்களிடம் சேர்த்து வாங்குகிறார்கள். வரைபடம் போடும்போது நாங்கள் வெளியூர்.

செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை அன்றைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். பீடி சுற்றிக் கொடுத்துவிட்டு இலை வாங்கிக்கொண்டு போகிற பெண்கள் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் எங்கே என்று எண்ணிப் பார்த்துக் கோடு போடுங்கள். பணக்காரத் தெரு எங்கே என்று பார்த்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, ரயில் அண்ணாச்சிக்கு. குலவணிகர்புரம் கேட்டில் நின்றிருக்கிறீர்களா? இப்போது ஓடுகிற ரயிலுக்கே கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டி எவ்வளவு தூரம் நிற்கிறது! ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ரயிலைக் கூட்டுங்கள், தியாகராஜ நகர் கேட்டில் அதே கூத்து நடக்கும். ரயிலில் போகிற ஐந்நூறு பேருக்காக ரோட்டில் ஐயாயிரம் பேர் நிற்க வேண்டும்.

ரதவீதி வாசி

மேலப்பாளையத்தார் சொல்வதில் கோபம் இருந்தாலும் கணக்கு சரி. மேம்பாலம் கட்டாமல் ரயிலைக் கூட்ட முடியாது. மேம்பாலம் கட்டுகிற காசைப் போட்டால், தோண்டவே வேண்டாம் என்கிற உங்கள் வாதம் போய்விட்டது.

பாசஞ்சர் பிரியன்

மேம்பாலம் ரயில் கூடினாலும் கூடாவிட்டாலும் வேண்டியதுதானே. அதை டிராம் கணக்கில் எழுதாதீர்கள், என் கணக்கிலும் எழுதாதீர்கள்.

பேட்டை ரவுண்டானா

யார் கணக்கில் எழுதினாலும் கட்டுகிறவன் நாம்.

தச்சை மாணவன்

டூ வீலரைப் பற்றி யாரும் பேசவில்லை. ரோட்டில் பதிக்கிற டிராம் தண்டவாளத்துக்கு நடுவில் சக்கர விளிம்பு ஓடுவதற்கு ஒரு பள்ளக் கோடு இருக்கும். சைக்கிள் டயர் அதில் மாட்டினால் ஆள் கீழே. எடின்பரோவிலேயே நிறைய சைக்கிள்காரர்கள் விழுந்து அடிபட்டிருக்கிறார்கள். 2017இல் ஒரு மாணவி இறந்தே போனார். அங்கே ஓடுவது சைக்கிள். நம் ரோட்டில் மூன்று பேர் ஏறிய பைக், பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிய மொபெட். ஐப்பசி மழையில் ஈரத் தண்டவாளத்தின்மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்?

டிராமால் ஒதுங்கிப் போகவும் முடியாது. எஸ்.என். ஹைரோட்டில் ஒருத்தர் பூ வாங்க ஆக்டிவாவை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனால், 43 மீட்டர் நீள டிராம், உள்ளே 250 பேரோடு, அவர் முழம் போட்டுப் பூ வாங்கி முடிக்கும்வரை நிற்கும்.

லீத் நெல்லையன்

சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸும் அப்படித்தானே நிற்கிறது தம்பி? ஒதுங்க முடிகிற வண்டி ஒதுங்கி ஒதுங்கித்தான் நம் ரோடு இப்படி ஆனது.

கொல்கத்தாவைப் பாருங்கள். 1873இல் குதிரை இழுத்த டிராம், 1902இல் மின்சாரம். ஒரு காலத்தில் பல இடங்களில் டிராமுக்குத் தனித் தடம் இருந்தது. அதையெல்லாம் ரோட்டோடு சேர்த்து கார்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு டிராம் மெதுவாகப் போகிறது, நெரிசல் உண்டாக்குகிறது என்றார்கள். 2024 செப்டம்பரில் ஊர் நடுவே இருக்கிற மைதான் திடலை ஒட்டிய ஒரு சிறு துண்டைப் பாரம்பரியத்துக்காக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. சூரிக்கில் நேர்மாறு. 1973இல் பாதாள ரயில் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். அந்த ஊர் டிராமுக்குத் தனித் தடமும் சிக்னலில் முன்னுரிமையும் கொடுத்தது. இன்றைக்கும் அங்கே பெரிய அதிகாரிகூட டிராமில்தான் போகிறார்.

நம் சென்னையிலும் 1895இல் வந்த டிராம் 1953இல் போனது. தண்டவாளம் போட்டால் மட்டும் போதாது, அதற்கு ரோட்டில் இடம் ஒதுக்க மனசு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஹைகிரவுண்ட் அக்கா

இடம் ஒதுக்க மனசு இருந்தால் பஸ்ஸுக்கே ஒதுக்கலாமே தம்பி. பெயின்ட் அடித்து இரண்டு போலீஸை நிறுத்தினால் போதும். டிராம் எதற்கு?

லீத் நெல்லையன்

பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் அக்கா. அடுத்த கமிஷனர் வந்து, அடுத்த வியாபாரிகள் சங்கக் கூட்டம் நடந்து, அது பார்க்கிங் ஆகிவிடும். தண்டவாளத்தை அவ்வளவு சுலபமாகப் பெயர்க்க முடியாது.

பேட்டை ரவுண்டானா

சென்னையில் பெயர்த்தார்கள் என்று நீங்கள்தான் நாலு வரிக்கு முன்னால் எழுதினீர்கள்.

பொருநைக்கரை

கொக்கிரகுளத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தப் பாதை தாமிரபரணி ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள் போல.

சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் கட்டியது. பதினொரு கமான். சொந்தப் பணத்தைப் போட்டு அவர் கட்டிய அந்தப் பாலத்தின்மேல் இத்தனை டன் வண்டியை நாள் முழுக்க ஓட்ட எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தில் ஓட்டுவது என்றால் இப்போது அதில் ஓடுகிற வண்டிகள் எங்கே போகும்? அப்படியே ஜங்ஷன் தாண்டினால் ஈரடுக்கு மேம்பாலம். 1973இல் திறந்தது. மேல் தட்டில் டிராமை ஏற்றினால் கீழ்த் தட்டில் டூ வீலரில் போகிறவர்களுக்குத் தைரியம் வருமா?

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கலெக்டர் அலுவலகத்துக்குள் தண்ணீர். மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம் எல்லாம் முங்கியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகக் கிடந்தது. டிராம் கோடு போடுகிற இடம் சரியாக அதே இடம். தரையிலிருந்து மின்சாரம் எடுக்கிற போர்தோ ஏற்பாட்டை அங்கே வைக்கச் சொல்கிறீர்களா?

ரயில் அண்ணாச்சியும் சிரிக்க வேண்டாம். அதே இரவில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஜல்லி அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லாரும் பார்த்தோம். எண்ணூறு பேர் வண்டியோடு மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். பாதை எதுவாக இருந்தாலும் முதலில் தண்ணீர் போக வழி வேண்டும். வாய்க்கால்களை அடைத்துவிட்டு எதை ஓட்டினாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை படகுதான் ஓடும்.

திசையன்விளை

நடுவில் ஒரு பழங்கதை, மன்னிக்கவும். எங்கள் பக்கம் சின்ன ரயில் ஓடியது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி சர்க்கரை ஆலை வைத்திருந்தது. பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்தார்கள். அதற்காகத் திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரை இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு ஓட்டினார்கள். ஆட்களும் ஏறினார்கள். 1940இல் நிறுத்திவிட்டார்கள். சரக்கு போனதும் ரயிலும் போய்விட்டது. ஆளை மட்டும் நம்பி அந்த ரயிலால் பிழைக்க முடியவில்லை. டிராம் கேட்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

மேலப்பாளையத்தான்

நல்ல தகவல் அண்ணாச்சி. இரண்டடித் தண்டவாளத்தில் திசையன்விளைக்கே ரயில் விட்டிருக்கிறார்கள். மேலப்பாளையத்துக்கு ஒரு டவுன் பஸ் கூட்ட மாட்டேன் என்கிறார்கள்.

தச்சை மாணவன்

கல்லூரிப் பாடத்துக்காக ஒரு நாள் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை வண்ணாரப்பேட்டையில் நின்று நானும் நண்பர்களும் எண்ணினோம். எண்ணிக்கையைப் பாடத்தில் கொடுத்துவிட்டதால் இங்கே போடவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ரோட்டில் அதிக இடத்தைப் பிடித்தவை கார்கள். அதிக ஆட்களைக் கொண்டுபோனவை பஸ்கள். பஸ் போக இடம் இல்லாமல் நின்றது காருக்குப் பின்னால். அதனால் என் பார்வை கொஞ்சம் மாறிவிட்டது. டிராம் வேண்டாம். ஆனால் டிராமுக்கு ஒதுக்கச் சொல்கிற அந்தத் தனித் தடத்தை இப்போதே, வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவிலிருந்து ஜங்ஷன் வரைக்கும், காலை இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அக்கா சொன்னதுதான். அந்தச் சின்னத் துண்டிலேயே நம்மால் ஒரு தடத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் பன்னிரண்டு கிலோமீட்டர் டிராமைக் காப்பாற்றுவோம் என்று யாரை நம்பச் சொல்வது?

லீத் நெல்லையன்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பஸ் தடம் தோற்றுப்போனால், பார்த்தாயா, பொதுப் போக்குவரத்தே நம் ஊருக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சென்னை மெட்ரோ நிறுவனம் திருச்சி, சேலத்தோடு சேர்த்து நெல்லைக்கும் சாத்தியக்கூறு பார்த்தது நினைவிருக்கிறதா? கோடு எங்கே போகும் என்று இப்போதே முடிவு செய்து அந்த வழியில் புதுக் கட்டடம் எழும்பாமல் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இன்னும் இருபது வருஷம் கழித்துத்தான் வண்டி ஓடும் என்றாலும் சரி. எடின்பரோவில் பழைய ரயில் தடம் அப்படியே கிடந்ததால்தான் இன்றைக்கு அதைப் பற்றிச் சண்டை போடவாவது முடிகிறது. நாம் வீடு கட்டி முடித்துவிட்டால் சண்டை போடக்கூட எதுவும் மிஞ்சாது.

ரதவீதி வாசி

இடத்தைப் பிடித்து வைப்பது என்பதில் நான் உங்கள் பக்கம். ரத வீதியை விட்டுவிடுங்கள், அது போதும்.

பாசஞ்சர் பிரியன்

சரி, பேசிக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். ரயில் பயணிகள் சங்கத்தில் மனு கொடுக்கப் போகிறோம், கூடவே மாநகராட்சிக்கும் ஒரு நகல். இதுவரை எழுதியிருப்பது: காலையும் மாலையும் பேட்டை–டவுன்–ஜங்ஷன்–பாளை–செய்துங்கநல்லூர் மெமு. வண்ணாரப்பேட்டை–ஜங்ஷன் காலை பஸ் தடம், சோதனையாக மூன்று மாதம். கடை அடைக்கிற நேரத்துக்கு டவுனிலிருந்து இரவு பஸ், கட்டணமில்லாத வகையிலேயே. டிராம் என்ற பேச்சை மனுவில் எடுக்கவில்லை. எடுத்தால் அதை மட்டும் படித்துவிட்டு, மற்றதைப் படிக்காமல் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

மேலப்பாளையத்தான்

மேலப்பாளையம் எங்கே?

பாசஞ்சர் பிரியன்

நாகர்கோவில் வண்டி எல்லாம் மேலப்பாளையத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஒரு வண்டிகூட நிற்காது. எந்த இரண்டு வண்டி என்று நீங்களே நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், சேர்க்கிறேன். குலவணிகர்புரம் கேட்டையும் தனியாக ஒரு கோரிக்கையாக எழுதிவிடுகிறேன்.

மேலப்பாளையத்தான்

காலையில் நாகர்கோவிலிலிருந்து வருகிறது ஒன்று, சாயங்காலம் திரும்புகிறது ஒன்று. கேட்டை முதல் கோரிக்கையாகப் போடுங்கள், கையெழுத்து ஐந்நூறு நான் வாங்கித் தருகிறேன். ஏழாவதாகப் போட்டால் ஒன்றுகூடக் கிடையாது.

பாசஞ்சர் பிரியன்

இரண்டாவதாகப் போடுகிறேன்.

மேலப்பாளையத்தான்

முந்நூறு.